லினக்ஸ் இயங்குதளத்தில் முதல் இன்ஸ்டால்: உங்களுக்கு நடந்த கூத்து என்ன?

மிளகுக்கொடி (ஏற்காடு):
மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் ஆறவில்லை. உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் போட்டுப் பதினைந்து நாள்தான். ஏதோ ஒரு நிரல், பைத்தான் என்ற நிரல்மொழியின் பதிப்பு ஒத்துவரவில்லை என்றது. சரி, பழையதைத் தூக்கிவிட்டுப் புதிதாகப் போடலாம் என்று மென்பொருளைப் போடவும் நீக்கவும் உள்ள ஆப்ட் கருவிக்கு 'சுடோ ஆப்ட் ரிமூவ் பைத்தான்3' என்று கட்டளை கொடுத்தேன். நீளமாக ஒரு பட்டியல் வந்தது. வெளியே கோடை மழை, எந்த நேரமும் கரண்ட் போகும், ஒய் தட்டிவிட்டேன். வரிசையாக ஓடிய வரிகளில் 'ரிமூவிங் உபுண்டு-டெஸ்க்டாப்' என்று ஒன்று மேலே போனது. அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மறுபடி ஆன் செய்தால் கறுப்புத் திரை, லாகின் என்று ஒரே ஒரு சொல். மறுநாள் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். "விண்டோஸ் போட்டுத் தரட்டுங்களா?" என்றார். தலையாட்டினேன். இரண்டு வருஷமாக எடுத்த காப்பிப் பூப் படங்கள் எல்லாம் அதோடு சரி.

தறிச்சத்தம் (அம்மாப்பேட்டை):
எனக்குச் சேதமில்லை, மானம்தான் போனது. கட்டளை அடிக்கும் டெர்மினல் சாளரம் கடவுச்சொல் கேட்டது. அடிக்கிறேன், அடிக்கிறேன், ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு போச்சு என்று ஐந்து ரோடு பக்கம் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைப் பையன் நாலு எழுத்து தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, அது காட்டாதுங்க. அடிச்சுட்டு என்டர் தட்டுங்க" என்றான். காசும் வாங்கவில்லை. அவன் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை, சிரிக்கவே இல்லை.

ஜங்ஷன்வாசி:
மிளகுக்கொடி, கோபித்துக்கொள்ளாதீர்கள், தப்பு உங்கள் மேல்தான். என்னவெல்லாம் போகப்போகிறது என்று ஆப்ட் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் ஒய் கேட்கிறது. உபுண்டுவின் பல கருவிகள் பைத்தானை நம்பித்தான் ஓடுகின்றன, அதைப் பிடுங்கினால் எல்லாம் சரியத்தானே செய்யும்? புதிய பதிப்பு வேண்டுமென்றால் பக்கத்தில் தனியாக வைத்துக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் ரிமூவ் கட்டளையோடு '-எஸ்' சேர்த்துப் பாருங்கள், எதையும் தொடாமல் ஒத்திகை மட்டும் காட்டும்.

நானும் ஒருமுறை பட்டேன். லாக், அதாவது இரண்டு நிறுவல் ஒரே நேரத்தில் ஓடாமல் தடுக்கும் பூட்டு, கிடைக்கவில்லை என்று பிழை வந்ததும் அந்த லாக் கோப்பையே அழித்தேன், பாதியில் எல்லாம் கெட்டது. பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடும்போது அப்படி வரும். ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் தானே விலகியிருக்கும். பாதியில் அறுந்துவிட்டால், ஆப்டுக்கு அடியில் வேலை செய்யும் டிபிகேஜி கருவிக்கு 'சுடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ' என்று கொடுங்கள், மீதியை முடிக்கப் பார்க்கும். இன்னொன்று, இணையத்தில் இறக்கிய டெப் கோப்பை, அதாவது உபுண்டுவின் நிறுவல் கோப்பை, டிபிகேஜி வைத்துப் போடாதீர்கள். அது வேண்டிய துணைப் பொதிகளைத் தேடிக் கொண்டுவராது. 'ஆப்ட் இன்ஸ்டால்' போட்டு, கோப்பின் பெயருக்கு முன் புள்ளியும் சாய்கோடும் வையுங்கள், அது கொண்டுவரும். அப்புறம், அப்டேட் வேறு அப்கிரேடு வேறு. அப்டேட், கிடைக்கும் மென்பொருள்களின் பட்டியலை மட்டும்தான் புதுப்பிக்கும்; புதிய பதிப்பைப் போடுவது அப்கிரேடு.

தறிச்சத்தம்:
சார், அனுபவம் கேட்டார்கள், நீங்கள் வகுப்பே எடுத்துவிட்டீர்கள்.

மிளகுக்கொடி:
லேப்டாப் பேட்டரி செத்து ஆறு மாசம். கரண்ட் போனால் அதுவும் போகும். அந்த அவசரத்தில் யாருங்க பட்டியல் படிப்பார்கள்?

ஜங்ஷன்வாசி:
அதற்காகக் கடையில் கொடுத்திருக்க வேண்டாம். அந்த லாகினிலேயே பெயரும் கடவுச்சொல்லும் அடித்து உள்ளே போயிருக்கலாம். நெட் மட்டும் கிடைத்திருந்தால் 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால் உபுண்டு-டெஸ்க்டாப்' போதும். போனது மென்பொருள்தான், உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரை ஆப்ட் தொடாது.

மிளகுக்கொடி:
அப்படியென்றால் மலை இறங்கும்போது படமெல்லாம் உள்ளேதான் இருந்ததா?

ஜங்ஷன்வாசி:
இருந்திருக்கும்ங்க.