கவுன்சிலிங்கில் கேட்ட ஒரு கேள்வி இன்னும் உறுத்துது

பாதிக்கவளம்:
எடை குறைக்க இரைப்பையை வெட்டிச் சின்னதாக்குற ஸ்லீவ் ஆபரேஷன் முடிஞ்சு 14 மாசம். ரெண்டு வார டயட், அப்புறம் லிக்விட், அப்புறம் கூழ், எல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்க. எனக்கு நிக்கிறது ஆபரேஷனுக்கு முந்தின கவுன்சிலிங்தான். அந்த மேடம் ஃபைலை மூடி வச்சுட்டு, "ராத்திரி எல்லாரும் தூங்கின அப்புறம் சமையலறைக்குப் போனா லைட் போடுவீங்களா?"ன்னாங்க. பக்கத்துல வீட்டுக்காரர். "அந்தப் பழக்கமே இல்ல மேடம்"னு பட்டுனு சொல்லிட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கல. தரையைப் பார்த்துட்டே இருந்தாரு. இத்தனை வருஷமா தெரிஞ்சே சும்மா இருந்திருக்காரு!

இப்பவும் இருட்டுல போய் நிக்கிறேன். பசியே இல்ல. இரைப்பையில முக்கால்வாசிக்கு மேல எடுத்தாச்சு, கை மட்டும் டப்பாவைத் தேடுது.

மெதுவாமெல்லு:
எனக்கு இரைப்பை பைபாஸ், இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலை மாத்தி இணைக்கிறது. கேள்வி இல்ல, ஒரு சின்ன ஸ்பூன். டயட்டீஷியன் அதைக் கையில கொடுத்து, கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிஷம் சாப்பிடுங்கன்னாங்க. நாலாவது நிமிஷமே தட்டு காலி. அடுத்து என்ன பண்றதுன்னு தெரியாம மீதி 16 நிமிஷமும் காலித் தட்டு முன்னாடி உட்கார்ந்திருந்தேன். அவங்களும் ஒண்ணும் பேசல. அழுதுட்டேன், வேற என்ன.

அனுபவஸ்தன்:
முதல் பதிவு போட்டவருக்கு: பொய் சொன்னது நீங்கள். கவுன்சிலரைக் குறை சொல்லிப் பயனில்லை. நானும் சிகரெட்டை மறைத்தேன், பிறகு அல்சர் வந்தது, அவ்வளவுதான் என் கதை. புதிதாகச் செய்துகொள்பவர்கள் கவனிக்கவும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதீர்கள், முடித்து அரை மணி நேரம் போகட்டும். புரதம் தினமும் 60 கிராமுக்குக் குறையக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்காதீர்கள், 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வைட்டமின் பி12 ஆயுளுக்கும் எடுக்க வேண்டும். மூன்றாம் மாதம் வாக்கில் முடி கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளரும், பதறாதீர்கள். வாந்தி நிற்காமல் போனால் வீட்டில் உட்கார்ந்து பார்க்காதீர்கள், தயமின் (வைட்டமின் பி1) குறைந்து நரம்பைப் பாதிக்கும். பைபாஸ்காரர்கள் தலைவலிக்கு இபுப்ரூஃபன் எடுக்கவே கூடாது. மதுவும் முன்னைவிடச் சட்டென்று ஏறும், சிலருக்குச் சாப்பாட்டின் இடத்தை அதுவே பிடித்துக்கொள்ளும்.

பாதிக்கவளம்:
அண்ணா, மாத்திரை எல்லாம் ஒழுங்காத்தான் போடறேன். நான் அதைக் கேட்கவே இல்லையே. அவங்களைக் குறையும் சொல்லல.

ரெண்டாவதுரவுண்டு:
கொஞ்சம் குறை சொல்லலாம்பா. புருஷனைப் பக்கத்துல வச்சுக்கிட்டுக் கேக்குற கேள்வியா அது? எங்கம்மாவோட உட்கார வச்சு என்னைக் கேட்டப்போ நானும் இல்லன்னுதான் சொன்னேன். உண்மையைச் சொன்னா ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுருவாங்களோன்னு பயம் வேற. ஸ்லீவ் பண்ணி 3 வருஷத்துல, குறைஞ்ச எடையில பாதி திரும்பின பிறகுதான் தனியா போய் வாயைத் திறந்தேன். திட்டுவாங்கன்னு நெனச்சேன். நோட்டு கொடுத்து, என்ன சாப்பிட்டேன்னு எழுத வேண்டாம், சாப்பிடறதுக்கு முந்தின நிமிஷம் என்ன ஓடிச்சுன்னு மட்டும் எழுதுங்கன்னாங்க. முதல் பக்கம் பூரா ஆபீஸ்தான். 😀

பாதிக்கவளம்:
அந்த நோட்டு நல்லா இருக்கு. வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட் போட்டிருக்கேன். "நானும் வரட்டா"ன்னு வீட்டுக்காரர் கேட்டாரு. இன்னும் பதில் சொல்லல.