ஒரே வரிக்கு இரண்டு அர்த்தம்: கணினிகள் பேசிக்கொள்ளும் விதிகளைச் சொல்லும் புரோட்டோகால் ஆவணத்தில் நீங்கள் மாட்டிக்கொண்ட இடம் எது?

பைட்_பார்ப்பவன்
டிசிபி அர்ஜென்ட் பாயிண்டர், 2009. டிசிபி என்பது இணையத்தில் தரவை வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் புரோட்டோகால்; அதில் அவசரத் தரவு எங்கே முடிகிறது என்று காட்டும் எண்தான் இந்தப் பாயிண்டர். எதிர்த்தரப்பு அனுப்பிய "நிறுத்து" பைட்டை விட்டுவிட்டு அதற்கு முந்தைய பைட்டை எங்கள் சாதனம் அவசரம் என்று எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு பைட் பிசகு. கூட்டத்தில் டிசிபியை வரையறுத்த ஆர்எஃப்சி 793-இன் (ஆர்எஃப்சி என்பது இணைய விதிகளை எழுதும் எண்ணிட்ட ஆவணம்) 17-ஆம் பக்கத்தைக் காட்டினேன்: பாயிண்டர் அவசரத் தரவுக்கு அடுத்த பைட்டைச் சுட்டும். எதிரே இருந்த பொறியாளர் ஒன்றும் பேசாமல் தன் பிரதியை என் பக்கம் நகர்த்தினார். 56-ஆம் பக்கம், பென்சில் அடிக்கோடு. அங்கே கணக்கில் ஒன்று குறைகிறது, அதாவது கடைசி பைட்டையே சுட்டும். அதே ஆவணம்! "லினக்ஸ், பிஎஸ்டி இயங்குதளங்கள் இரண்டும் 17-ஆம் பக்கப்படிதான்" என்று அடித்துப் பேசினேன். அவர் நிரலை மாற்றிக்கொண்டார். அப்புறம்தான் 793-ஐத் திருத்தும் ஆர்எஃப்சி 1122 படித்தேன். 56-ஆம் பக்கமே சரி என்று 1989-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

சின்ன_எழுத்து
எனக்கு "ஷுட்" என்ற ஆங்கிலச் சொல், SHOULD என்று பெரிய எழுத்திலும் should என்று சின்ன எழுத்திலும் வரும். ஒரு சோதனை தோற்றது. எதிர்த்தரப்பின் பதில் ஒரே வரி: "அது சின்ன எழுத்தில் இருக்கிறது, எங்களைக் கட்டுப்படுத்தாது." கோபத்தில், இப்படிப்பட்ட சொற்களின் பொருளை வரையறுக்கும் ஆர்எஃப்சி 2119-ஐ வரிவரியாகப் படித்தேன். சின்ன எழுத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பெரிய எழுத்துக்கு மட்டுமே அந்தச் சிறப்புப் பொருள் என்று 2017-இல் ஆர்எஃப்சி 8174 வந்துதான் தீர்த்தது. எங்கள் சண்டை அதற்கு முந்தைய வருடம்.

பழைய_கை
முதல் பதிவர் பாதியில் நிறுத்திவிட்டார். 2011-இல் ஆர்எஃப்சி 6093 வந்து 17-ஆம் பக்கத்தின் பொருளையே உறுதி செய்தது. கிட்டத்தட்ட எல்லாரும் நிரலை அப்படித்தான் எழுதியிருந்தார்கள் என்பதே காரணம். நீங்கள் சொன்னதுதான் நின்றது. எந்த ஆர்எஃப்சியைத் திறந்தாலும் முதலில் அதன் இணையப் பக்கத்தின் தலைப்பகுதியைப் பாருங்கள். "அப்டேட்டட் பை" (இதைத் திருத்தியது), "அப்சொலீட்டட் பை" (இதற்குப் பதிலாக வந்தது) என்று இருந்தால் அந்த எண்ணையும் படியுங்கள். அடுத்து எரேட்டா, அதாவது பிழைதிருத்தப் பட்டியல். அதிலும் இல்லையென்றால் அந்த ஆவணத்தைக் கவனிக்கும் பணிக்குழுவிடம் கேளுங்கள், ஆனால் "இதற்கு என்ன பொருள்?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். பைட்டுகளை அப்படியே ஹெக்ஸில் (பதினாறடிமான எண்களில்) ஒட்டி, "இது வந்தால் பெறுபவர் ஏற்க வேண்டுமா, மறுக்க வேண்டுமா?" என்று கேளுங்கள். வரும் பதிலை அன்றே சோதனையாக எழுதி வையுங்கள்.

பைட்_பார்ப்பவன்
6093 தெரியும் ஐயா. ஆனால் கூட்டம் நடந்தது 2009-இல். அன்றைக்கு ஆவணம் அந்தப் பொறியாளர் பக்கம்தான் இருந்தது. அதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.