மழை தொடங்கினால் இறாலில் வெண்புள்ளி நோய் வருவது ஏன்?

கேள்வி: திருகோணமலையில் கொட்டியாரக் குடாப் பக்கம் சின்ன இறால் பண்ணை வைத்திருக்கிறேன் அண்ணாமார், ஐப்பசி மழை பிடித்துத் தண்ணீர் 26 பாகை செல்சியசுக்கு இறங்கினதும் இறால் கரையோரம் ஒதுங்கிச் சாகிறது. வெயில் காலத்தில் இப்படி இல்லை. குளிர்தான் காரணமா?

பதில் 1: தம்பி, குளிர் நோயைக் கொண்டுவருவதில்லை, ஏற்கெனவே இருக்கிற வைரசுக்கு வழிவிடுகிறது. வெண்புள்ளி வைரஸ் 25 முதல் 28 பாகையில் நன்றாகப் பெருகும். 32, 33 பாகையில் பெருக்கமும் இறப்பும் மிகவும் குறையும். மழையோடு உப்புத்தன்மையும் சட்டென்று இறங்குவதால் இறால் இன்னும் சோர்ந்துவிடும்.

பதில் 2: சரி, ஆனால் சூட்டில் தப்பிய இறாலின் உடம்பில் வைரஸ் கிடக்கும், தண்ணீர் குளிர்ந்ததும் திரும்பக் கிளம்பும். சூடான தண்ணீரில் ஒட்சிசனும் குறைவு, விடியற்காலையில் தண்ணீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டரை நிறுத்தவே வேண்டாம்.

பதில் 3: குஞ்சு விடுமுன், அதில் வைரஸ் இருக்கிறதா என்று காட்டும் பீசீஆர் சோதனை செய்யுங்கள். நோய் வந்த தண்ணீரைக் குளோரின் போடாமல் குடாவுக்குள் விடாதீர்கள், பக்கத்துப் பண்ணைகளும் நம்மவர்களுடையவைதான்.