கேஸ் ரோஸ்டரில் வறுத்த காப்பிக்கொட்டை வெளியே கருகல், உள்ளே பச்சை: எங்கே தவறு?

பச்சைக்கொட்டை:

வணக்கம். ரோஸ்டர் விவரம் இது. ஓட்டையில்லாத ஸ்டீல் டிரம், விட்டம் 15 செ.மீ., அடியில் நீளவாக்கில் கேஸ் பர்னர், மோட்டார் வேகம் 35 ஆர்பிஎம். ஒரு ஈட்டுக்கு 250 கிராம் அரபிகா. சூடு காட்டும் மீட்டர் 230 டிகிரி காட்டியதும் கொட்டையைப் போட்டு, தீயை முழுசாக வைக்கிறேன். 3 நிமிடத்தில் மஞ்சள் நிறம், 6:10-இல் முதல் வெடிப்பு (கொட்டை படபடவென வெடிக்கும் சத்தம்), 7 நிமிடத்தில் இறக்கம். 250 கிராம் 221 ஆகிறது.

கொட்டையின் தட்டைப் பக்கத்தில் வட்டமாகக் கரும்புள்ளி விழுகிறது. உடைத்துப் பார்த்தால் உள்ளே வெளுப்பு, அரைத்தால் பச்சைப் புல் வாசனை. தீயைத் தணித்து 18 நிமிடம் வறுத்தால் புள்ளி இல்லை, ஆனால் மணமும் இல்லை, குடிக்கச் சப்பென்று இருக்கிறது. தீயை எவ்வளவு வைப்பது?

நீலச்சுடர்:

இது ஒரே தவறின் இரண்டு முனை இல்லை, இரண்டு தனித்தனித் தவறுகள். கரும்புள்ளிக்குக் காரணம் சூடான உலோகத்தோடு கொட்டை அதிக நேரம் ஒட்டிக் கிடப்பது. பச்சைக் கொட்டையில் 10 முதல் 12 சதவீதம் ஈரம் இருக்கும். வெப்பம் உள்ளே போக நேரம் பிடிக்கும். அதற்குள் மேல்தோல் தீய்ந்துவிடுகிறது. 18 நிமிட ஈட்டில் நடந்தது வேறு: நடுவில் சூடு ஏறாமல் தேங்கிவிட்டது. வறுபடாமல் வெந்துபோன கொட்டை அது. அதனால்தான் சப்பென்று இருக்கிறது.

முதலில் மோட்டாரைக் கவனியுங்கள். 15 செ.மீ. டிரம் 109 ஆர்பிஎம் அளவில் சுற்றினால் கொட்டை சுவரோடு ஒட்டிக்கொண்டே சுற்றும். அதில் பாதிக்குச் சற்று மேலே, 55 முதல் 65 வரை இருந்தால் கொட்டை உயர ஏறிப் புரண்டு விழும். 35-இல் அடியிலேயே சறுக்கிக்கொண்டிருக்கும். புல்லி மாற்றினாலே பாதிப் புள்ளி போய்விடும்.

அடுத்தது தீ. 190-இல் போட்டு, முதல் ஒரு நிமிடம் தீயைக் குறைவாக வையுங்கள். பிறகு முக்கால் அளவுக்கும் சற்று மேலே ஏற்றுங்கள். மஞ்சள் நிறம் 4:30-க்கும் 5 நிமிடத்துக்கும் இடையில் வர வேண்டும். வந்ததும் தீ பாதிக்குச் சற்று மேல். முதல் வெடிப்புக்கு அரை நிமிடம் முன்பே மறுபடி குறைத்து, மூன்றில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வெடிப்பு 9 நிமிடத்தை ஒட்டி வரும். அதிலிருந்து ஒன்றரை நிமிடம் கழித்து இறக்கினால் மீடியம், அதாவது நடுத்தர வறுவல்.

வெடிப்புச் சத்தம் கேட்ட பிறகு தீயைக் குறைக்கலாம் என்று காத்திருப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். டிரம் உலோகம் சேர்த்து வைத்திருக்கும் சூடு உடனே இறங்காது. அந்த நேரத்தில் கொட்டையும் தன் பங்குக்குச் சூட்டை வெளிவிடும். மீட்டர் பாய்ந்து ஏறும். பயந்து தீயை அடியோடு அணைத்தால் சூடு தேங்கி, அந்தச் சப்பென்ற சுவை திரும்ப வரும். தணிக்க வேண்டும், அணைக்கக் கூடாது.

சல்லடை:

நேரக்கணக்கு சரி. 190 என்ற எண்ணை மட்டும் அப்படியே எடுக்காதீர்கள், பச்சைக்கொட்டை. உங்கள் 230 எதன் சூடு? டிரம்முக்குள் இருக்கும் காற்றா, கொட்டையா? தெர்மோகப்பிள், அதாவது மீட்டருக்குச் சூட்டை உணர்ந்து சொல்லும் கம்பி, அதன் முனை புரளும் கொட்டைக்குள் முழுதாகப் புதைந்திருக்க வேண்டும். தீ மூட்டாமல் 250 கிராம் போட்டுச் சுற்றவிட்டு, முன்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கொட்டை எந்தப் பக்கம் ஏறிக் குவிகிறதோ அங்கே, கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் முனை இருக்கட்டும். 3 மி.மீ. கம்பி போதும். தடிமனானது மெதுவாகத்தான் காட்டும்.

கொட்டை போட்டதும் மீட்டர் சரசரவென இறங்கி, ஒரு நிமிடம் ஒன்றரை நிமிடத்தில் திரும்பி ஏறும். அந்த அடிமட்ட எண் கொட்டையின் சூடு அல்ல. கம்பியின் பழைய சூடும் கொட்டையின் குளிர்ச்சியும் சந்திக்கும் இடம், அவ்வளவுதான். நிறம், சத்தம், எடை மூன்றையும் நம்புங்கள். 221 கிராம் என்றால் 11.6 சதவீத இழப்பு, மீடியத்துக்கு அது போதாது. 14 முதல் 15 வரை, அதாவது 213 முதல் 215 கிராம் வர வேண்டும்.

இரண்டாவது ஈட்டில் டிரம் கூடுதல் சூட்டில் இருக்கும். இரண்டு ஈட்டுக்கும் நடுவில் தீயை அணைத்து, மீட்டர் 160-க்கு இறங்கிய பிறகு மறுபடி ஏற்றுங்கள். இல்லாவிட்டால் முதல் ஈடு நன்றாக வந்து, அடுத்தது கருகும்.

பச்சைக்கொட்டை:

புல்லி மாற்றியாயிற்று, இப்போது 58 ஆர்பிஎம். முனையையும் இடம் மாற்றினேன். வெடிப்பு 9:20-இல், மீட்டரில் 193. இறக்கம் 10:55, எடை 214.5. புள்ளி இல்லை, புல் வாசனையும் இல்லை. ஆனால் குடிக்கும்போது லேசான புகை நெடி. ஆறவைக்கத் தட்டில் பரப்பி மேசை விசிறி வைக்கிறேன், 10 நிமிடம் ஆகிறது.

சல்லடை:

193 உங்கள் மீட்டரின் எண். அதையே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்தவர் எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.

புகை நெடிக்குக் காரணம் காற்றோட்டம். மஞ்சள் நிறத்திலிருந்து வெடிப்பு முடியும் வரை வெள்ளித்தோல் (கொட்டை மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தோல்) உதிர்ந்துகொண்டே இருக்கும். வெளியேறாவிட்டால் டிரம்முக்குள்ளேயே தீய்ந்து கொட்டையில் படியும். மாதிரி எடுக்கும் துளையருகே மெல்லிய காகிதத் துண்டைப் பிடியுங்கள், மெதுவாக உள்பக்கம் இழுக்க வேண்டும். தொங்கிக்கொண்டே இருந்தால் புகையை வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் விசிறி போதவில்லை. மஞ்சள் வரை குறைவாக, பிறகு பாதி, வெடிப்பிலிருந்து முழுசாக வையுங்கள். தீயையும் விசிறியையும் ஒரே நொடியில் மாற்றினால் எது என்ன செய்தது என்று புரியாது.

பர்னர் மேல் விழுந்த தோலை ஒவ்வொரு ஈட்டுக்கும் பிறகு, ஆறவிட்டுத் துடையுங்கள். அதுதான் தீப்பிடிக்கும். டிரம்முக்குள் தீ தெரிந்தால் கேஸை மூடி, விசிறியை நிறுத்தி, டிரம் சுற்றட்டும் என்று விடுங்கள். கதவைத் திறந்தால் காற்றுப் புகுந்து வளரும்.

நீலச்சுடர்:

10 நிமிட ஆறல் நீளம். உள்ளே இருக்கும் சூட்டில் கொட்டை தட்டிலும் வறுபடும். விசிறியை மேலே வீசவிடாதீர்கள். அடியில் வைத்து, ஓட்டையுள்ள சல்லடைத் தட்டு வழியாகக் கீழ்நோக்கி இழுக்கவிட்டுக் கிளறுங்கள். 3 அல்லது 4 நிமிடத்தில் கை பொறுக்கும் அளவுக்கு வந்துவிடும்.

மூடிய அறையில் இதைச் செய்யாதீர்கள். எரியும் கேஸிலும் வறுவல் புகையிலும் கார்பன் மோனாக்சைடு உண்டு, அதற்கு வாசனை கிடையாது. வறுத்த அன்றே சுவை பார்த்துத் தீர்ப்பு எழுதவும் வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு வெளியேற நான்கைந்து நாள் விட்டு, மறுபடி குடித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.