‘பம்ப் ஆக்‌ஷன்’ என்பதற்குத் தமிழ்: ‘கையேற்றம்’ என்று முன்மொழிகிறேன்

பொருள்: மறு: மறு: பம்ப் ஆக்‌ஷன் பெயிண்ட்பால் மார்க்கர் – தமிழில் எப்படிச் சொல்வது?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நான் கேட்ட கேள்விக்கு இத்தனை மறுமொழிகள் வந்ததில் மனம் நிறைந்துவிட்டது. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி. திருவையாற்றுப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் நாங்கள் சிலர் சேர்ந்து பெயிண்ட்பால் ஆடுகிறோம், நிறம் நிரப்பிய உருண்டைகளால் ஒருவரையொருவர் சுடும் ஆட்டம். அந்த உருண்டையைச் சுடும் கருவிதான் மார்க்கர்; கைப்பிடியை முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளி ஏற்றும் வகை பம்ப் ஆக்‌ஷன். பித்தளைக் குழல் வைத்த பழைய பம்ப் மார்க்கர் ஒன்று எங்கள் கைக்கு வந்தது. ஷெரிடன் என்ற நிறுவனத்தின் வகை. அதை இன்றைய பிள்ளைகள் ஆடும்படி சரிசெய்துகொண்டிருக்கிறேன். கூடவே அவர்களுக்காகத் தமிழில் ஒரு பராமரிப்புக் குறிப்பும் எழுதிவருகிறேன். அதில்தான் ‘பம்ப் ஆக்‌ஷன்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற சிக்கல் வந்தது.

கும்பகோணம் அண்ணன் எழுதியிருந்தார்:

> பம்ப் என்றே விட்டுவிடலாமே தம்பி. டெல்டாவில் பம்பு தெரியாதவர் யார்? பம்புசெட், அடிபம்பு என்று எல்லார் வாயிலும் இருக்கிற சொல்.

அண்ணே, எல்லாருக்கும் தெரிந்த சொல் என்பதுதான் இங்கே சிக்கல். நடந்ததைச் சொல்கிறேன். முதல் நாள் பதினேழு வயதுப் பையன் ஒருவன் கையில் அதைக் கொடுத்தேன். “அண்ணே, எத்தனை தடவை அடிச்சா காத்து ஏறும்?” என்று கேட்டான். நான் வளிக் குப்பியை மாட்டிக்கொண்டிருந்ததால் காதில் சரியாக வாங்கவில்லை. அவன் சைக்கிளுக்குக் காற்றடிப்பது போல மூன்று முறை இழுத்துத் தள்ளிவிட்டான். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு உருண்டை உள்ளே போனது. ஒன்றின் முதுகில் ஒன்று இடித்து, நசுங்கி, குழல் முழுக்க மஞ்சள் சாயம். விசைக்கட்டு (டிரிகர் பகுதி) வரை வழிந்திருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் முழுவதும் துணித் துண்டும் கம்பியுமாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். பையன் மேல் குற்றமே இல்லை. பம்பு என்றால் அடிக்கத்தான் செய்வான்.

விஷயம் என்னவென்றால், இந்த மார்க்கரில் ‘பம்ப்’ காற்றையும் அடிப்பதில்லை, எதையும் இறைப்பதுமில்லை. உந்தும் வளி (கரியமில வாயு) தனியாகக் குப்பியிலிருந்து வருகிறது. முன்பிடியைப் பின்னால் இழுத்தால் தாழ் (போல்ட்) பின்வாங்கி வழிவிடும், ஒரு உருண்டை உள்ளே விழும். அதே இழுப்பில் சுத்தியல் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு பின்னால் போய் விசையில் மாட்டிக்கொள்ளும். முன்னால் தள்ளினால் தாழ் உருண்டையைக் குழலுக்குள் தள்ளி மூடும். விசையை அழுத்தினால் சுத்தியல் பாய்ந்து வால்வுத் தண்டைத் தட்டும், வளி ஒரு கணம் திறந்து மூடும், உருண்டை பறக்கும். அவ்வளவுதான். பிடி செய்கிற வேலை இரண்டு: சுத்தியலை ஏற்றி நிறுத்துவது, உருண்டையை ஏற்றி வைப்பது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இதே ஷெரிடன் நிறுவனம் பெயிண்ட்பாலுக்கு முன்பே ‘புளூ ஸ்ட்ரீக்’ என்ற காற்றுத் துப்பாக்கியைக் கொண்டுவந்தது. அதில் கைப்பிடியை அடித்தால் நிஜமாகவே காற்று அழுத்தப்பட்டு உள்ளே சேரும், எட்டு அடி வரை அடிக்கலாம். அதுவும் பம்ப், இதுவும் பம்ப். ஆங்கிலத்தில் ஒரே சொல், வேலை வேறு. மதுரை நண்பர் சொன்ன ‘துருத்திக் குழல்’, இன்னொருவர் சொன்ன ‘காற்றடிக் குழல்’ இரண்டும் புளூ ஸ்ட்ரீக்குக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. ஆங்கிலச் சொல்லைப் பெயர்த்தால் அதிலுள்ள குழப்பத்தையும் சேர்த்துப் பெயர்த்துவிடுவோம்.

பம்புக்குப் போகும் முன் மார்க்கர், உருண்டை என்ற மற்ற இரண்டுக்கும் சொல்லை முடித்துவிடுகிறேன்.

‘மார்க்கர்’. பலர் ‘வண்ணத் துப்பாக்கி’ என்றீர்கள். ஆடுகிறவர்கள் இதைத் துப்பாக்கி என்று சொல்லாமல் இருப்பதில் ஒரு பொறுப்பு இருக்கிறது, அதைக் காப்பாற்ற வேண்டும். அதோடு, இது பிறந்தது சுடுவதற்காக அல்ல. அமெரிக்காவில் நெல்சன் பெயிண்ட் கம்பெனிக்காக டெய்சி நிறுவனம் செய்துகொடுத்த நெல்ஸ்பாட் 007, மரத்துக்கும் மாட்டுக்கும் தூரத்திலிருந்து அடையாளம் இடுகிற கருவி. நம் சாலையோரப் புளியமரங்களில் எண் எழுதுகிறார்களே, கிட்டத்தட்ட அந்த வேலை. 1981 ஜூன் 27-ஆம் தேதி நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 12 பேர் அதை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் கொடி பறிக்கும் ஆட்டம் ஆடினார்கள். அதுதான் முதல் ஆட்டம். வென்றவர் ஒருமுறைகூடச் சுடாமல் எல்லாக் கொடிகளையும் எடுத்துவந்தார். இந்தச் செய்தியைக் கேட்டதிலிருந்து எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் இருந்த மதிப்பு கூடிவிட்டது.

அதனால் ‘குறிப்பான்’ என்ற பரிந்துரை எனக்கும் பிடித்தது. ஆனால் அது எழுதுகோல் மார்க்கருக்கு ஏற்கெனவே வழங்கிவருகிறது. கடையில் கேட்டால் பேனாதான் வரும். ‘சாயக்குழல்’ என்று வைப்போம். ‘சாயம்’ என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. உருண்டைக்குள் இருப்பது சுவருக்கு அடிக்கும் பெயிண்ட் அல்ல. நிறம் கலந்த, கிளைக்கால் என்ற வேதிப்பொருளின் குழம்பு, ஜெலட்டின் தோலுக்குள். தண்ணீரில் அலசினால் போய்விடும். தொடக்க காலத்தில் எண்ணெய்ப் பெயிண்டாக இருந்தது, இப்போது அப்படியில்லை. வெளுத்துப்போகிற பொருளுக்குச் சாயம்தான் சரி.

மன்னார்குடி ஆசிரியர் ஐயா ஒரு மறுப்புச் சொன்னார்: பேரல் என்ற உறுப்பையும் குழல் என்கிறோம், முழுக் கருவியையும் குழல் என்றால் குழம்பாதா என்று. ஐயா, நீங்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ‘வெற்றிலை நட்டான்’ நினைவுக்கு வருகிறது. நட்டது கொடியை, சொல்வது இலையை. சினையாகுபெயர் கொடிக்கால் உள்ள ஊரில் நடந்தால் ஆடுகளத்திலும் நடக்கும். குறிப்பில் உறுப்பைச் சொல்லும் இடத்தில் ‘முன்குழல்’ என்று எழுதிவிடுகிறேன்.

உருண்டைக்குச் ‘சாயக்கோலி’. இதை யோசித்தது நானில்லை, எங்கள் தோப்பில் பந்து பொறுக்கும் பொடியன்கள். முதல் நாளே ‘கோலி’ என்றுதான் கூப்பிட்டார்கள். அளவு 0.68 அங்குலம், அதாவது 17 மில்லிமீட்டர் சொச்சம். கையில் வைத்துப் பார்த்தால் கோலிக்குண்டேதான். ‘சாயக்குண்டு’ என்பதில் குண்டு வெடிக்கிற சத்தம் கேட்கிறது, வேண்டாம்.

சரி, பம்ப்.

முதலில் நானே ‘நாணேற்றி’ என்று எழுதியிருந்தேன். அழகான சொல்தான், ஆனால் நாண் இல்லாத கருவிக்கு நாண் எதற்கு என்று சேலம் அக்கா கேட்டது நியாயம். அடுத்து ‘இழுகுழல்’. ஊதுகுழல் மாதிரி நல்ல வினைத்தொகை, சின்னச் சொல். அதை விடவே எனக்கு மனமில்லை. இரண்டு நாள் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். இசைக்குழுவில் டிராம்போன் வாசிக்கும் நண்பர் “அது எங்கள் கருவிக்கு வேண்டும்” என்று எழுதினார். அவருக்கே கொடுத்துவிடுவோம், இழுத்து ஊதுகிற கருவிக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

அப்புறம்தான் ‘ஏற்று’ என்ற வினை பிடிபட்டது. பட்டறையில் வாயைத் திறந்தாலே அதுதான். ரவை ஏற்று, ஸ்பிரிங்கை ஏற்று, சுமை ஏற்று. பிடி செய்யும் இரண்டு வேலைக்கும் ஒரே வினை போதும். கையால் ஏற்றுவது கையேற்றம். பல அரைத் தானியங்கி மார்க்கர்களில் சுட்ட வளியின் ஒரு பங்கே சுத்தியலைத் திருப்பித் தள்ளி ஏற்றிவிடுகிறது, அது தன்னேற்றம். இரண்டும் ஜோடியாக நிற்கின்றன, எதிரெதிராகப் பொருள் சொல்கின்றன. பிடிக்கு ‘ஏற்றுப்பிடி’.

என் தாத்தா காவிரிப் படுகையில் ஏற்றம் இறைத்தவர். மேலே ஒருவர் துலாவில் நடப்பார், கீழே இவர் சால் என்ற தண்ணீர் வாளியைப் பிடித்துக் கவிழ்ப்பார், ஒவ்வொரு சாலுக்கும் பாட்டில் ஓர் எண் ஏறும். ஒரு நடைக்கு ஒரு சால்தான். அவசரப்பட்டால் தண்ணீர் சிந்தும். இந்த மார்க்கரும் அதே கணக்கு: ஓர் ஏற்றம், ஒரு கோலி. பம்பு என்று சொன்னபோது மூன்று முறை அடித்த அதே பையனிடம், “இது பம்பு இல்லடா, ஏற்றம். ஒரு ஏத்து, ஒரு சுடு” என்றேன். அதற்குப் பிறகு ஒரு கோலிகூட உள்ளே உடையவில்லை. சொல்லுக்கு இதைவிட வேறு சோதனை எனக்குத் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்து நண்பரின் மறுப்புதான் என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது:

> எங்கட பக்கம் ‘கையேற்றல்’ எண்டால் பொறுப்பை வாங்கிக்கொள்ளுறது. ‘கையேற்றுக் குழல்’ எண்டு எழுதினால் ஆரோ வாங்கிக்கொண்ட குழல் எண்டு தான் வாசிப்பம்.

சரியான கண். அங்கே வினை ‘ஏல்’, இங்கே ‘ஏற்று’; ‘ஏல்’ என்பதன் எச்சமும் ‘ஏற்று’ என்றே வந்து இந்த வினையோடு ஒன்றாகிவிடுகிறது. ஆகவே எங்கேயும் ‘கையேற்று’ என்று எழுதாமல், ‘கையேற்றம்’ என்ற பெயர்ச்சொல்லையும் ‘கையேற்றக் குழல்’ என்ற தொடரையும் மட்டும் வைத்துக்கொள்வோம். அந்த வடிவத்தில் குழப்பம் வரவில்லை என்று நினைக்கிறேன். நண்பர் ஒருமுறை வாசித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு நன்மையும் உண்டு. நெல்ஸ்பாட் 007-இல் முன்பிடி கிடையாது, பின்னாலுள்ள குமிழைக் கையால் இழுத்துத்தான் ஏற்றுவார்கள். ‘பம்ப்’ அதைச் சேர்த்துக்கொள்ளாது, கையேற்றம் சேர்த்துக்கொள்ளும்.

சுத்தியலுக்குப் புதுச்சொல் எதுவும் வேண்டாம். துப்பாக்கியின் அந்த உறுப்புக்குக் ‘குதிரை’ என்று நெடுநாளாகத் தமிழில் பெயர் இருக்கிறது. தஞ்சாவூர் வீணையில் தந்தியைத் தாங்கும் கட்டைக்கும் குதிரைதான் பெயர், யாரும் குழம்புவதில்லை. விசையை அழுத்தும்போது அது பாய்வதைப் பார்த்தால் பெயர் வைத்தவரின் கண் புரியும். போல்ட்டுக்குத் ‘தாழ்’. வால்வு, ஸ்பிரிங், கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் இவற்றைத் தொடவே வேண்டாம். அவை பட்டறைத் தமிழாகி வெகுநாளாயிற்று.

வேலை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்ட கோவை அக்காவுக்கு: வால்வின் அடைப்பு கல் மாதிரி இறுகியிருந்தது, மாற்றியாயிற்று. ஓ-ரிங்குகளை யூரிதேன் வகையாகப் போட்டேன். சாதாரண ரப்பர் கரியமில வாயுவில் ஊதிவிடுகிறது. ஏற்றுப்பிடியின் வழிகாட்டி வளையம் தேய்ந்து ஆடியது. நாச்சியார்கோயிலில் குத்துவிளக்குக்கு மரை போடும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். விளக்குத் தண்டைத் துண்டு துண்டாக வார்த்து மரை வைத்துத் திருகிச் சேர்ப்பவர்கள் அவர்கள். பழைய வளையத்தை நகத்தால் சுண்டி, சத்தத்தைக் கேட்டு, “நல்ல பித்தளைதான், தேய்ஞ்சது சுத்தமில்லாம” என்றார். அரைமணியில் கடைந்து கொடுத்தார். பிடி இப்போது வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி ஓடுகிறது. அழுத்தம் தாங்கும் உறுப்புகளை மட்டும் உள்ளூரில் கடையவில்லை, கடையவும் கூடாது. அவற்றை அழுத்த அளவு பொறித்ததாகவே வாங்கினேன்.

12 கிராம் கரியமில வாயுக் குப்பியைத்தான் கைவிட வேண்டியிருக்கிறது. கரியமில வாயு 31 டிகிரிக்கு மேல் எந்த அழுத்தத்திலும் திரவமாக நிற்காது. 20 டிகிரியில் காற்று மண்டலத்தைப் போல 57 மடங்காக இருக்கும் அழுத்தம் 31-இல் சுமார் 73 மடங்காகும், அதற்கு மேல் இன்னும் விறுவிறுவென ஏறும். நம் சித்திரை வெயில் 38, 39. காலையில் அளவாகப் போன கோலி மதியம் வேக வரம்பை மீறும். ஆடுகளங்களில் வரம்பு பொதுவாக நொடிக்கு 280 முதல் 300 அடி. அதற்கு மேல் போனால் முகக்கவசம் இருந்தும் காயம் படும். அதனால் சீராக்கி (ரெகுலேட்டர்) வைத்த அழுத்தக் காற்றுப் புட்டிக்கு மாற்றுகிறேன்.

இன்னொன்று, இன்றைய கோலிகள் பழையவற்றைவிடச் சற்றுச் சிறியவை. முன்குழலைக் கீழே சாய்த்தால் கோலி தானே உருண்டு வெளியே விழுகிறது. உள்ளுறை ஒன்று போட்டுச் சரிசெய்ய வேண்டும். ஐப்பசி மழையில் இதுவே தலைகீழாகும். ஈரத்தில் ஜெலட்டின் உப்பிக் கோலி சிக்கும்.

ஒரு சொல் இன்னும் பாக்கி. விசையை அழுத்திப் பிடித்தபடியே பிடியை மட்டும் இழுத்துத் தள்ளினால் ஒவ்வொரு தள்ளுக்கும் ஒரு கோலி போகும்படி சில பம்புகளில் அமைப்பு உண்டு, ‘ஆட்டோ டிரிகர்’ என்பார்கள். இன்றைய பிள்ளைகள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ‘தொடரேற்றம்’ என்று குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் தானியங்கி என்ற எண்ணம் வந்துவிடுமோ என்று தயக்கம். நல்லது தோன்றினால் எழுதுங்கள்.

உதிரிப் பெட்டியின் மூடியில் ‘கையேற்றக் குழல்’ என்று தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். குறிப்பை அச்சுக்குக் கொடுப்பது வெள்ளிக்கிழமை. அதற்குள் மறுப்பு வந்தால் மாற்றி எழுதுகிறேன்.

அன்புடன்,
திருவையாற்றிலிருந்து