ஓக் (awk) நிரல்மொழியில இப்ப எழுதுற கோப்பு எது எண்டு எப்பிடி அறியிறது?

கேள்வி:
வணக்கம். யாழ்ப்பாணத்தில இறுதியாண்டு மாணவி நான். சுன்னாகம், கோப்பாய்ப் பக்கக் கிணறுகளின்ர தண்ணீர் அளவீடுகள் ஒரே சிஎஸ்வி (காற்புள்ளியால பிரிச்ச அட்டவணை) கோப்பில, திகதிப்படி இருக்கு. மாதம் ஒண்டாக 2 வருசம். கிணற்று இலக்கப்படி தனித்தனிக் கோப்பாப் பிரிக்க ஓக்கில எழுதினன். கிணறுகள் 1,100 வரும். ஆயிரத்தைத் தாண்டினதும் கனக்கக் கோப்பு திறந்திருக்கெண்டு நிண்டிட்டுது. பிறகு ஒவ்வொரு வரிக்கும் குளோஸ் (கோப்பை மூடுற கட்டளை) போட்டன். இப்ப பிழை ஒண்டும் காட்டேல்லை, ஆனா ஒவ்வொரு கோப்பிலயும் கடைசி மாத வரி மட்டும்தான் மிஞ்சியிருக்கு. அது செப்டெம்பர். மாரி மழையோட தோட்டத்து உரம் கிணத்துக்கு இறங்குற மாதங்கள்தான் எனக்கு வேணும். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டின கிணறுகள் தெரியாமலே போகுது. வாசிக்கிற கோப்பின்ர பெயரைச் சொல்லுற ஃபைல்நேம் மாதிரி வெளியீட்டுக்கும் ஒரு மாறி இருக்கா?

பதில் 1:
இல்லைத் தங்கச்சி. ஃபைல்நேம் வாசிக்கிற கோப்பைத்தான் சொல்லும். எழுதுற கோப்பின்ர பெயரை நீங்கதான் ஒரு மாறியில வைச்சிருக்கோணும். வரிகள் அழிஞ்சது > குறியால. ஓக்கில அது கோப்பைத் திறக்கேக்கை மட்டும் வெறுமையாக்கும். மூடும்வரைக்கும் மற்ற வரிகள் கீழ சேரும். மூடிட்டு அடுத்த வரிக்குத் திறந்தா, திரும்பவும் துடைச்சுப்போடும். >> போடுங்கோ. அது துடைக்காமக் கீழ சேர்க்கும். அதால ஓட்டமுன்னம் பழைய கோப்புகளை அழிச்சுவிடுங்கோ, இல்லாட்டி எல்லாம் இரட்டிக்கும்.

பதில் 2:
அது சரி, ஆனா வரிக்கு வரி திறந்து மூடுறது வீண் வேலை. முதல் கிணற்று இலக்கம், பிறகு திகதி எண்டு சோர்ட் பண்ணுங்கோ. இலக்கம் மாறேக்கை மட்டும் பழசை மூடி, புதுப் பெயரை மாறியில போட்டு, தலைப்பு வரியை எழுதலாம். ஒரு நேரத்தில ஒரு கோப்புத்தான் திறந்திருக்கும்.

குளோசுக்குக் குடுக்கிற பெயர், எழுதேக்கை குடுத்த பெயரோட எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கோணும். கடைசியில வாற .சிஎஸ்வி விடுபட்டாலே கோப்பு மூடாது, பிழைச் செய்தியும் வராது. நான் இதில ஒரு முழு இரவைத் துலைச்சிருக்கிறன். ரெண்டு இடத்திலயும் அதே மாறியையே போடுங்கோ.

உபுண்டு லினக்ஸில தானா வாற ஓக் வகை எம்-ஓக் (mawk). ஜி-ஓக் (gawk) எண்ட வகையெண்டா திறந்த கோப்புகள் எல்லை தாண்டினாலும் தானே மூடித் திறந்து சமாளிக்கும், மெதுவா ஓடும்.

கேட்டவர்:
சரிவந்திட்டுது அண்ணை! தலைப்பு வரியைத் தனிய எடுத்து வைச்சிட்டுத்தான் சோர்ட் பண்ணினன், இல்லாட்டி அதுவும் ஒரு கிணறாப் போயிருக்கும். இப்ப கோப்புக்கு 25 வரி, தலைப்போட. ரெண்டு மாரியின்ர அளவுகளும் முழுசா இருக்கு. பெரிய உதவி, ரெண்டு பேருக்கும் நன்றி.