பிக்கப்புக்கு டயர் மாத்தினதுல இருந்து டீசல் கூடுதலாகுது: டயர்தான் காரணமா?

மண்டபம் வண்டி

வணக்கம். 1.3 டன் டீசல் பிக்கப். மண்டபத்துல ஐஸ் போட்டு மீன் ஏத்தி மதுரைக்குப் போகும், திரும்ப காலிப் பெட்டி. பழைய டயர் 215/75 ஆர்15, ரோடு டயர், மொட்டையாகுற நிலைமையில கழட்டியாச்சு. கடையில 235/75 ஆர்15 போடுங்க, அகலமா இருந்தா லோடும் தாங்கும், கடக்கரை மணல்லயும் ஏறும்னு சொல்லி, பெரிய பட்டன் (தரையில படுற ரப்பர் கட்டை) வச்ச டிசைன்ல நாலும் போட்டுவிட்டாங்க.

முன்னாடி லிட்டருக்கு 14 கொடுத்த வண்டி இப்ப 12தான் கொடுக்குது. ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் ரெண்டும் புதுசு. கரும்புகை இல்ல, கிளட்ச் வழுக்கல. லோடோட அஞ்சாவது கியர்ல இழுவை குறைஞ்ச மாதிரி இருக்கு. காத்து நாலுக்கும் 35 பிஎஸ்ஐ, கடையில சொன்ன அளவு. ஆனா கதவுத் தூண்ல ஒட்டியிருக்கிற பட்டியில பின் டயருக்கு லோடோட 54னு போட்டிருக்கு. டயர் பக்கவாட்டுல 105எஸ்னு எழுதியிருக்கு. டயரால மட்டும் 2 கிலோமீட்டர் குறையுமா? வேற எதைப் பார்க்கணும்?

பஞ்சர்கடை, உச்சிப்புளி

டீசல் கிடக்கட்டும் தம்பி, முதல்ல லோடைக் கவனிங்க. நீங்க எழுதினதைப் பார்த்தா அது எஸ்யூவி டயர், லோடு வண்டி டயர் இல்ல. லோடு வண்டி டயர்ல எல்.டி.ன்னும் (லைட் டிரக்) 8 பிஆர்னும் (டயரோட பலத்தைச் சொல்ற அடுக்கு எண்) பக்கவாட்டுல இருக்கும்.

105ங்கிறது எடைக் குறியீடு. ஒரு டயருக்கு 925 கிலோ, அதுவும் அந்தக் குறியீட்டுக்கு உரிய காத்து இருந்தா மட்டும்தான். 3 டன் மொத்த எடையில பின் அச்சுல 1.8 டன் போல விழும், அதாவது டயருக்கு 900 கிலோ. 925-க்குக் கிட்டயே நிக்குது, மிச்சம்னு எதுவும் இல்ல. சரி, 54 ஏத்திடலாமான்னா அதுவும் கூடாது. பக்கவாட்டுல பொடி எழுத்துல அதிகபட்சக் காத்து எவ்வளவுன்னு இருக்கும், எஸ்யூவி டயர்ல அது பெரும்பாலும் 44, 50க்குள்ள நின்னுடும். வண்டி கேக்குற காத்தை டயர் தாங்காது, டயர் தாங்குற காத்து வண்டிக்குப் பத்தாது.

காத்து குறைஞ்ச டயர் ஒவ்வொரு சுத்துலயும் பக்கவாட்டுல மடங்கி நிமிருது. அந்த மடக்கத்துல வர்ற சூடுதான் உங்க டீசல். சித்திரை வெயில்ல பரமக்குடி தாண்டி ரோடு கொதிக்கும்போது அதே சூடு டயரைப் பிளக்கும். மாத்துற வரைக்கும் லோடைக் குறைச்சு, டயர்ல எழுதின உச்சத்துக்குள்ள காத்து வச்சு ஓட்டுங்க. ஐஸும் தண்ணியும் எடைதான், மீன் எடையை மட்டும் கணக்குல வைக்காதீங்க.

ரோடு கணக்கு

அண்ணன் சொன்னதுதான் முதல் வேலை. மைலேஜ் விஷயத்துக்கு வருகிறேன். 14-க்கும் 12-க்கும் இடையில் உள்ள முழு வித்தியாசமும் டீசல் அல்ல. பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஓடோமீட்டர் செய்யும் குழப்பம்.

215/75 ஆர்15 புதிதாக இருக்கும்போது விட்டம்: அகலம் 215 மில்லிமீட்டர், அதில் 75 சதம் பக்கவாட்டு உயரம், அதாவது 161, மேலும் கீழும் சேர்த்து 322, 15 அங்குல ரிம் 381. ஆக சுமார் 703. இதே கணக்கில் 235/75 ஆர்15-க்கு 733. உங்கள் பழைய டயர் தேய்ந்தது. பட்டன் ஆழத்தில் 7 மில்லிமீட்டர் போயிருந்தால் விட்டத்தில் 14 குறையும், 689 ஆகிவிடும். 733-ஐ 689-ஆல் வகுத்தால் 1.064.

சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதுதான் வண்டிக்குத் தெரியும். பெரிய டயர் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகிறது, மீட்டரோ பழைய கணக்கையே எழுதுகிறது. அதனால் பழைய மொட்டை டயரோடு ஒப்பிடும்போது நீங்கள் பார்க்கும் 12 உண்மையில் 12.77. இழப்பு 2 அல்ல, 1.2 கிலோமீட்டர் சுமார்.

அதுவும் சின்னத் தொகை அல்ல. மண்டபம், மதுரை போக வர 300 கிலோமீட்டர் என்று வைத்தால் முன்பு 21.4 லிட்டர், இப்போது 23.5 லிட்டர். நடைக்கு 2.1 லிட்டர். டீசல் 93 ரூபாய் என்றால் சுமார் 190 ரூபாய், மாதம் 25 நடைக்கு 4,800 ரூபாய்.

இந்த 2.1 எங்கே போகிறது? டயர் உருள்வதற்கே தரும் எதிர்ப்பை டன்னுக்கு எத்தனை கிலோ என்று அளப்பார்கள். இலகு லோடு வண்டி டயருக்கு ஐ.நா. 117-ஆம் விதியின் இரண்டாம் கட்டத்தில் உச்சவரம்பு டன்னுக்கு 9 கிலோ. பெரிய பட்டன், குறைந்த காற்று இரண்டும் சேர்ந்து உங்களுடையது 12 என்று வையுங்கள். 3 டன்னில் 9 கிலோ கூடுதல் இழுவை. இன்ஜின் நஷ்டம் போக ஒரு லிட்டர் டீசலில் சக்கரத்துக்கு வருவது 11 முதல் 12 மெகாஜூல்தான் என்பதால், இது 100 கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டரை விழுங்கும். திரும்பும்போது காலி வண்டி 1.7 டன், அப்போது 0.45 லிட்டர் அளவு. 150 போக, 150 வர என்று கூட்டினால் 1.8 லிட்டர். மீதி 0.3-க்கு வேறு காரணம் தேட வேண்டும்.

இன்னொன்று. புது டயர் எதுவானாலும் தேய்ந்த டயரைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் குடிக்கும், ஏனென்றால் மடங்க ரப்பர் அதிகம். நல்ல ரோடு டயர் போட்டாலும் முதல் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு பழைய 14 வராது.

தேவிபட்டினம் லோடு

அஞ்சாவதுல இழுவை குறைஞ்சதுக்கும் இதுதான் காரணம். புது 215 டயரோட (703) ஒப்பிட்டா உங்க டயர் (733) 4 சதம் பெருசு, கியரும் அந்த அளவுக்கு உசந்த மாதிரிதான். மேற்கே இருந்து வர்ற கச்சான் காத்து எதிர்ல அடிக்கிற மாசத்துல லோடோட 60-ல அஞ்சாவது நிக்காது, நாலாவதுக்கு இறக்கி ஓட்டுவீங்க. டீசல் அங்கயும் போகும். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது நீங்க 62.5-ல போறீங்க, அதையும் மனசுல வைங்க.

மணலுக்குப் பட்டன் டயர் வேணும்னு சொன்னது சரியில்ல. சேத்துக்குப் பட்டன் உதவும். காஞ்ச கடக்கரை மணல்ல பட்டன் தோண்டும், வண்டி புதையும். மணல்ல வேண்டியது அகலமான தடம், அதைக் காத்தைக் குறைச்சு வாங்கணும். காலி வண்டின்னா பின்னாடி 25, 28 வரைக்கும் இறக்கி, மெதுவா, ஸ்டியரிங்கை வெடுக்குன்னு ஒடிக்காம போங்க. ஒடிச்சா ட்யூப்லெஸ் டயர் ரிம்மை விட்டு நழுவும். தார் ரோட்டுல ஏறுறதுக்கு முன்னாடி பழைய அளவுக்கு ஏத்திடணும், அதுக்கு 12 வோல்ட் கம்ப்ரசர் ஒண்ணு வண்டியில இருக்கட்டும். லோடோட மணல்ல இறங்கவே வேணாம், தள்ளுவண்டியில ரோட்டுக்குக் கொண்டுவந்து ஏத்துறது எவ்வளவோ மேல்.

மண்டபம் வண்டி

ரொம்ப நன்றி அண்ணே. போன் மேப்பை வச்சுப் பார்த்தேன், ஓடோமீட்டர் 50 காட்டும்போது போன் 52 காட்டுது. வலது பின் டயர்ல மட்டும் ரெண்டு நாளைக்கு ஒருக்கா 4 பிஎஸ்ஐ இறங்குது. அலைன்மென்ட் டயர் மாத்தும்போது செய்யல.

கீழக்கரை மெக்கானிக்

50-க்கு 52 சரியான விடைதான், புது 215 டயரோட ஒப்பிட்டு மேல சொன்ன 4 சதம் அதுதான். இனிமே ஓடோமீட்டர் தூரத்தை 1.04-ஆல பெருக்கி எழுதுங்க.

மீதி 0.3 லிட்டரை பிரேக்ல தேடுங்க. மீன் பெட்டியில இருந்து உப்புத்தண்ணி ஒழுகி ரிம், டிரம், காலிப்பர் பின் (முன் பிரேக் பிடிப்பான் நகர்ற கம்பி) எல்லாத்தையும் துரு பிடிக்க வைக்கும். பிரேக் அதிகம் அழுத்தாம 10 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நாலு ரிம் நடுவையும் புறங்கையைக் கிட்ட வச்சுப் பாருங்க, தொடாதீங்க. ஒண்ணு மட்டும் கூடுதலா கொதிச்சா அங்க பிரேக் பிடிச்சுக்கிட்டு நிக்குது. ஜாக்கி வச்சு நியூட்ரல்ல கையால சுத்துங்க, முன்சக்கரம் ரெண்டு சுத்தாவது தானா சுத்தணும். நின்னுட்டா காலிப்பர் பின்னைக் கழட்டி, துருவைச் சுரண்டி, பிரேக்குக்கான கிரீஸ் போட்டு மாட்டணும். சாதாரண கிரீஸ் போட்டா ரப்பர் உப்பி மறுபடி பிடிக்கும். பெட்டியில வடிகால் குழாய் வச்சு தண்ணியைச் சக்கரத்துக்கு அந்தப் பக்கம் விடுங்க, வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில அடியைக் கழுவுங்க.

அலைன்மென்ட் செய்யாததும் தப்பு. உள்ளங்கையை முன் டயர் மேல வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை, உள்ளிருந்து வெளியே ஒரு தடவை தேய்ங்க. ஒரு பக்கம் வழவழன்னும் எதிர்ப்பக்கம் ரம்பம் மாதிரியும் இருந்தா டோ (முன்சக்கரம் ரெண்டும் நேரா பார்க்கிற கோணம்) சரியில்ல, டயர் ரோட்டுல பக்கவாட்டா இழுபட்டுப் போகுதுன்னு அர்த்தம். டீசலும் போகும், டயரும் போகும்.

பஞ்சர்கடை, உச்சிப்புளி

ரெண்டு நாளைக்கு 4 இறங்குதுன்னா நம்ம பக்கத்துல முதல் சந்தேகம் சீமைக்கருவேல முள். ஆணி மாதிரி உடனே காத்து போகாது, முறிஞ்சு உள்ளயே நின்னு கசியும். சோப்புத் தண்ணியை மொதல்ல வால்வு நுனியில, அப்புறம் வால்வு அடியில, ரிம் விளிம்பு ரெண்டு பக்கமும், கடைசியா பட்டன் பூராவும் ஊத்துங்க. பட்டன்ல நுரை வந்தா வெளியிலிருந்து கயிறு குத்தி விடாதீங்க, கழட்டி உள்பக்கம் கையை வச்சுத் தடவி முள் நுனியை எடுத்து, காளான் ஒட்டு (உள்ளிருந்து ஓட்டையை அடைக்கிற காளான் வடிவ ஒட்டு) போடணும். ஒரு முள் இருந்த இடத்துல மூணு இருக்கும்.

ரிம் விளிம்புல நுரை வந்தா அது உப்புத் துரு. டயரைக் கழட்டி, விளிம்பு உக்காருற இடத்தைக் கம்பி பிரஷால பளபளன்னு தேச்சு, பிரைமர் அடிச்சுக் காய விட்டு, சீலர் தடவி மாட்டினா நிக்கும். துரு குழி விழுந்திருந்தா ரிம்மையே மாத்துங்க. வால்வையும் சேர்த்து மாத்துங்க. சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான், லோடு வண்டி டயர் போட்டு 54-ல வச்சு வெயில்ல ஓட்டினா சூட்டுல 7 ஏறி 61-க்கு வந்துடும், விளிம்புல நிக்கும். பித்தளை நட்டு போட்ட வால்வு வாங்குங்க. சூட்டுல ஏறின அந்த 7-ஐ இறக்கிவிடாதீங்க, பட்டியில உள்ள அளவு காலையில வண்டி எடுக்கும் முன்னாடி ஆறின டயருக்கு.

ரோடு கணக்கு

அடுத்து வாங்க வேண்டியது 215/75 ஆர்15 எல்.டி., 8 பிஆர், நேர்கோட்டு ரிப் டிசைன், உங்கள் கதவுப் பட்டியில் உள்ள எடைக் குறியீட்டுக்குக் குறையாமல். இப்போதுள்ள நான்கையும் ஓட்டித் தேய்த்துவிட்டு மாற்றலாம் என்று நினைக்காதீர்கள். அந்த அளவு போடும் எஸ்யூவிக்காரர்களுக்கு இன்றே கொடுத்தால் பாதி விலையாவது வரும், மாதம் 4,000-க்கு மேல் டீசலில் போவதை அது ஈடுகட்டும். ரீபட்டன் (பழைய டயரில் புது ரப்பர் ஒட்டிய) டயரைப் பின்பக்கம் போடும் எண்ணம் இருந்தால் வேண்டாம், ஐஸ் லோடு வண்டிக்கு மிச்சமாகும் பணம் சொற்பம்.

வாங்கும்போது பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். 1225 என்றால் 2025-இன் 12-ஆம் வாரம். ஒரு வருடத்துக்கு மேல் கடையில் கிடந்ததை வாங்க வேண்டாம்.

மாற்றிய பிறகு அளக்கும் முறை: ஒரே பங்க், ஒரே நாசில், வண்டி ஒரே பக்கம் நின்று முதல் தானியங்கி நிறுத்தம் வரை நிரப்புங்கள். தூரத்தைப் போனில் எடுங்கள். போவதும் வருவதும் சேர்ந்த முழு நடையாக இருக்கட்டும், ஒரு பக்கம் மட்டும் அளந்தால் காற்றுதான் பதில் சொல்லும். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, லோடு பாதியாகும். அந்த 61 நாளில் எடுத்த மைலேஜை மற்ற மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். அந்த நாட்களில் வண்டி நிற்குமானால் லோடை இறக்கி, காற்றை முழு அளவில் வைத்து, வாரம் ஒருமுறை கொஞ்சம் நகர்த்தி நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ரப்பர் ஒரே இடத்தில் தட்டையாகி முதல் நடையில் அதிரும்.